மோதக அச்சும் இரும்புத் தூளும்: ஒரு வழுக்கல் வரலாறு

போன பிள்ளையார் சதுர்த்திக்கு மோதகத்தை அச்சுல அழுத்துற வேலை என் தலையில விழுந்துச்சு. முதல் நாலு மோதகமும் அச்சோட ஒட்டிக்கிட்டு பாதி உள்ளே, பாதி வெளியே. "அச்சுல நெய் தடவினீங்களா?"ன்னு அடுப்படியிலிருந்து தங்கமணியோட குரல். ஒவ்வொரு தடவையும் தடவணுமான்னு எனக்குச் சோம்பல். மூளையைக் கசக்கி, மாவிலேயே ரெண்டு கரண்டி நெய்யைக் கூடுதலா ஊத்திப் பிசைஞ்சுட்டேன். அச்சிலிருந்து வழுக்கிக்கிட்டு வந்துச்சு பாருங்க, அவ்வளவு அழகு! ஆனா இட்லிப் பானையைத் திறந்தா அத்தனையும் விரிஞ்சு, பூரணம் வெளியே எட்டிப் பார்க்குது. அன்னிக்கு எனக்கு நடந்த அர்ச்சனை பிள்ளையாருக்குக்கூட நடந்திருக்காது :-)

நான் பேசாம வாங்கிக்கிட்டேன். காரணம் இருக்கு. இதே தப்பை, ஏறக்குறைய முப்பது வருஷத்துக்கு முன்னாடி, இரும்புத் தூள்ல பண்ணியிருக்கேன். அந்தக் கதையையும் சொல்றேன். ஆனா அதுக்கு முன்னாடி கொஞ்சம் வரலாறு. பொறியியல் பதிவுன்னு ஓடிடாதீங்க மக்களே, சூத்திரம் எதுவும் கிடையாது. நெய்யை அச்சுல தடவுறதா, மாவுல கலக்குறதா? கேள்வி இவ்வளவுதான். இந்த ஒரு கேள்வியை வச்சுக்கிட்டு மனுஷங்க இருநூறு வருஷமா மல்லுக்கட்டியிருக்காங்க.

முதல்ல, என்ன தொழில் இது?

பவுடர் மெட்டலர்ஜி. உலோகத்தை உருக்கி வார்க்காமல், தூளாகவே அச்சில் போட்டு அழுத்திப் பாகம் செய்யும் முறை. நீங்க ஓட்டுற பைக்கோட ஷாக் அப்சார்பர் பிஸ்டன், எண்ணெய்ப் பம்பின் ரோட்டார், வீட்டு மிக்ஸியின் புஷ், சின்னச் சின்னப் பற்சக்கரங்கள் எல்லாம் பெரும்பாலும் இப்படி வந்தவைதான்.

செய்முறை கேட்கச் சுலபம். இரும்புத் தூளை டையில் கொட்டுவார்கள். மேலேயும் கீழேயும் இருந்து பஞ்ச் வந்து, சதுர சென்டிமீட்டருக்கு ஆறு டன் அளவில் அழுத்தும். வெளியே வருவதற்கு 'கிரீன் பார்ட்' என்று பெயர். பச்சை நிறமெல்லாம் இல்லீங்க, பச்சை மண்பானைன்னு சொல்றோமே, அந்தப் பச்சை. சுடாதது. கையால் ஒடித்தால் ஒடியும். பிறகு 1120 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஃபர்னஸுக்குள் மெதுவாக ஓட விடுவார்கள். இரும்பு உருகுவது 1538 டிகிரியில். ஆகவே உருகாது, ஆனால் துகளும் துகளும் தொட்ட இடத்தில் ஒன்றோடொன்று இணைந்து கெட்டிப்படும். இதுதான் சின்டரிங்.

இதுல மசகு எங்கே வருது? தூளை அழுத்தும்போது அது டையின் சுவரில் உரசும். உரசலில் அழுத்தம் வீணாகும். பஞ்சுக்குப் பக்கத்தில் கெட்டியாகவும், தள்ளி இருக்கும் பகுதி தொளதொளவென்றும் ஆகும். அடுத்தது இன்னும் பெரிய தொல்லை. அழுத்திய பாகத்தை டையிலிருந்து வெளியே தள்ள வேண்டும். இரும்பும் இரும்பும் அந்த அழுத்தத்தில் உரசினால் பற்றிக்கொள்ளும். பாகத்தில் கோடு விழும், டையில் கீறல் விழும், கடைசியில் டையே போய்விடும். அதனால ஏதாவது ஒரு வழுக்கல் சமாச்சாரம் இல்லாம இந்தத் தொழிலே கிடையாது.

மாவுருண்டைக்கு நெய் விடுற மாதிரிதானேன்னு கேட்கலாம். இல்லை. மாவுருண்டையில் நெய்தான் மாவைப் பிடித்து வைக்கிறது. இரும்புத் தூளிலோ துகள்கள் ஒன்றுக்குள் ஒன்று நசுங்கிக் கோத்துக்கொண்டுதான் பிடித்து நிற்கின்றன. நடுவில் மசகு புகுந்தால் அந்தப் பிடி தளரும். இங்கே மசகு என்பது சேர்த்து வைக்கிறவன் இல்லை, பிரித்து வைக்கிறவன். இதை மட்டும் ஞாபகத்துல வச்சுக்கோங்க. இந்தப் பதிவு முழுக்க இதுதான் விஷயம்.

லண்டனில் ஒரு ரகசியக்காரர்

வில்லியம் ஹைட் வொல்லாஸ்டன். 1766ல் பிறந்த ஆங்கிலேயர். மருத்துவம் படித்துவிட்டு, அதை விட்டு வேதியியலுக்கு வந்தவர். பல்லேடியம், ரோடியம் என்ற இரண்டு தனிமங்களைக் கண்டுபிடித்தவர். ஆனால் அவருக்குப் பணம் கொடுத்தது பிளாட்டினம்.

பிளாட்டினம் உருகுவது 1768 டிகிரியில். அன்றைய உலை எதுவும் அந்தச் சூட்டை எட்டாது. ஆகவே தாதுவைக் கரைத்து, சுத்தமான பிளாட்டினத்தைத் தூளாகப் பிரித்து எடுக்கலாமே தவிர, கட்டியாக்க முடியாது. வொல்லாஸ்டன் அந்தத் தூளை நீரில் குழைத்துச் சேறாக்கி, ஒரு பித்தளைக் குழாய்க்குள் நிரப்பி, நெம்புகோல் பிரஸ்ஸால் அழுத்தி, பிறகு சுட்டு, சூட்டோடு சம்மட்டியால் அடித்துக் கட்டியாக்கினார். அந்தப் பிளாட்டினம் கந்தக அமிலம் காய்ச்சும் கொப்பரைகளாகவும், துப்பாக்கிகளின் மருந்துத் துளைகளாகவும் விலைபோனது. செய்முறையை மட்டும் பல வருஷம் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

1828 கடைசியில் உடல் மோசமாகிவிட்டது. இனி தாங்காது என்று தெரிந்தபின் செய்முறையை எழுத வைத்தார். அந்த நவம்பரில் ராயல் சொசைட்டியில் அது வாசிக்கப்பட்டது. டிசம்பர் 22ல் காலமானார். கட்டுரை அச்சில் வந்தது 1829ல்.

அந்தக் கட்டுரையில் என் கண் போன இடம் வேறு. பித்தளைக் குழாயின் அளவைச் சொல்கிறார். 6¾ அங்குல நீளம். உள்விட்டம் ஒரு முனையில் 1.12 அங்குலம், மறுமுனைப் பக்கம் 1.23 அங்குலம். எதற்கு இந்தச் சரிவு? அழுத்திய கட்டி சுலபமாக வெளியே வர. அடுத்து, குழாயின் உட்புறத்தில் பன்றிக்கொழுப்பைத் தடவச் சொல்கிறார். அடைப்பானைச் சுற்றி மை ஒற்றும் தாளைச் சுற்றச் சொல்கிறார். தண்ணீர் வெளியேறவும் ஆச்சு, அடைப்பானை உருவவும் ஆச்சு. கடைசியாக, வெளியே எடுத்த கட்டியைக் கரி நெருப்பில் பழுக்கச் சூடாக்கச் சொல்கிறார். ஈரம் போக, கொழுப்பு எரிந்து போக, கட்டி கொஞ்சம் இறுக.

இன்னிக்கு ஒரு பவுடர் மெட்டல் தொழிற்சாலையில நடக்கிற மூணு விஷயமும் இதுல இருக்கு பாருங்க. சுவருக்கு மசகு, வெளியே தள்ள வழி, சூட்டில் மசகை எரித்து விரட்டுதல். இன்னொன்றும் எச்சரிக்கிறார்: தூளைக் கடினமான கல்வத்தில் போட்டு அரைத்துப் பளபளப்பாக்கிவிடாதே, துகள்கள் ஒன்றோடொன்று சேராமல் போய்விடும்; கையாலோ மர உரலிலோ கசக்கு. துகளின் முகம் சுத்தமாக இருந்தால்தான் சேரும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் கொழுப்பைச் சுவரோடு நிறுத்தினார், தூளில் கலக்கவில்லை என்று நான் நினைக்கிறேன். எங்க வீட்டுத் தங்கமணி கட்சி அவர்.

கொழுப்புக்குள் என்ன இருக்கு?

வொல்லாஸ்டன் கொழுப்பைத் தடவிக்கொண்டிருந்த அதே காலத்தில், பாரிஸில் மிஷெல் யூஜேன் ஷெவ்ரூல் என்பவர் கொழுப்பைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். 1823ல் விலங்குக் கொழுப்புகள் பற்றி அவருடைய பெரிய புத்தகம் வந்தது. கொழுப்பு என்பது கிளிசரினும் சில அமிலங்களும் சேர்ந்தது என்று காட்டினார். அதில் ஒன்று ஸ்டியரிக் அமிலம். கெட்டிக் கொழுப்புக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். 1825ல் அந்த அமிலத்திலிருந்து மெழுகுவர்த்தி செய்ய உரிமம் வாங்கினார். (மனுஷன் 102 வயது வரைக்கும் இருந்தார். கொழுப்பு அதிகம் போல!)

ஸ்டியரிக் அமிலத்தோடு சோடியம் சேர்ந்தால் சோப்பு. துத்தநாகம் சேர்ந்தால் ஜிங்க் ஸ்டியரேட். பவுடர் பூசினதுபோல் வழவழவென்ற வெள்ளைத் தூள். தண்ணீரில் கரையாது. விரலில் எடுத்துத் தேய்த்தால் விரல் விரலோடு நிற்காது. இருபதாம் நூற்றாண்டில் பவுடர் மெட்டல் தொழில் பெரிதாக வளர்ந்தபோது அதற்கு வாகாகக் கிடைத்தது இதுதான். வொல்லாஸ்டனின் பன்றிக்கொழுப்பு, வேதியியல் கல்லூரிக்குப் போய்ப் பட்டம் வாங்கிக்கொண்டு திரும்பி வந்த மாதிரி.

ஆனால் இந்தத் தடவை அது சுவரில் நிற்கவில்லை. தூளுக்குள் நுழைந்துவிட்டது.

ஏன் கலந்தார்கள்?

வேகம். வொல்லாஸ்டன் ஒரு கட்டி செய்ய எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். தானியங்கிப் பிரஸ் நிமிஷத்துக்குப் பத்துப் பதினைந்து பாகம் தள்ளும். ஒவ்வொன்றுக்கும் நடுவில் டையைத் துடைத்து நெய் தடவிக்கொண்டிருக்க முடியுமா? அதிலும் பற்சக்கரம் மாதிரி மூலைமுடுக்கு உள்ள டையில்? அதனால் தூளிலேயே எடையில் 0.5 முதல் 1 சதவீதம் ஸ்டியரேட்டையோ மெழுகையோ கலந்துவிடுவது வழக்கமானது. அழுத்தும்போது அதில் கொஞ்சம் பிதுங்கிச் சுவருக்கு வரும். வேலை முடிந்தது.

முடியலை. கணக்கு இங்கேதான் இடிக்குது. ஒரு சதவீதம்தானேன்னு தோணும். அது எடையில். இரும்பின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7.87 கிராம். ஜிங்க் ஸ்டியரேட்டின் அடர்த்தி சுமார் 1.1தான். எடையில் 0.75 சதவீதம் கலந்தால், கொள்ளளவில் அது சுமார் 5 சதவீத இடத்தை அடைத்துக்கொள்கிறது. எவ்வளவு டன் போட்டு அழுத்தினாலும், ஒரு காற்றுக் குமிழிகூட இல்லாமல் நெருக்கினாலும், அடர்த்தி 7.5க்கு மேல் போகாது. நடைமுறையில் அதுக்கும் கீழேதான். உலையில் மசகு எரிந்து போனபின் அது இருந்த இடம் ஓட்டையாக நிற்கும். ஓட்டை அதிகமானால் வலிமை குறையும்.

உதவிக்கு வந்த விருந்தாளி, போனபிறகும் அவர் உட்கார்ந்த நாற்காலி காலியாகவே நிற்கிற கதை.

என் கதை

டிப்ளமா முடித்து ஒரு கம்பெனியில் டிரெய்னியாகச் சேர்ந்த புதிது. ராத்திரி ஷிப்ட். ஒரு தடிமனான புஷ் ஓடிக்கொண்டிருந்தது. பாகம் வெளியே வரும்போதெல்லாம் கீச்சென்று சத்தம், மேலே நெடுக கோடு. பிரஸ் ஆபரேட்டர் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். "டை பாலிஷ் போயிடுச்சு தம்பி. நிறுத்திட்டு காலைல டூல் ரூமுக்கு அனுப்பிடுவோம்"னார். நான் படிச்சவனாச்சே! "அண்ணே, மசகு பத்தலை. இன்னும் அரைக் கிலோ ஸ்டியரேட் போட்டு மிக்ஸர்ல சுத்திட்டு ஓட்டுங்க"ன்னேன். நூறு கிலோ தூளுக்கு அரைக் கிலோ. அதாவது 0.75 சதவீதம் இருந்தது 1.25 ஆச்சு. "ஃபோர்மேன்கிட்ட ஒரு வார்த்தை..."ன்னு இழுத்தார். "நான் சொல்றேன்லண்ணே".

சத்தம் நின்றது. பாகம் கண்ணாடி மாதிரி வந்தது. எனக்குத் தலைகால் புரியலை.

காலையில் உலையிலிருந்து வந்தவற்றைப் பார்த்தால் மேலெல்லாம் கரி. சிலதில் கொப்புளம். அவ்வளவு மசகும் மெதுவாக ஆவியாகி வெளியேற நேரமில்லாமல் உள்ளிருந்தே பொத்துக்கொண்டு வந்திருக்கிறது. நல்லா இருந்த பாகத்தையும் நசுக்கிச் சோதித்தபோது தாங்க வேண்டிய எடையில் பாதிக்கே விரிசல். மேலே சொன்ன கணக்கைப் பிறகு போட்டுப் பார்த்தேன். 1.25 சதவீதத்துக்கு, கொள்ளளவில் 8 சதவீதத்துக்கும் மேல். அடர்த்தியின் உச்சவரம்பே 7.3க்கு இறங்கிவிடுகிறது. மொத்த லாட்டும் ஸ்கிராப்.

விசாரணை வந்தது. மிக்ஸர் பதிவேட்டில் இருந்தது அந்த அண்ணனின் கையெழுத்து. மெமோ அவருக்கு. நான் எதிரே நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அவரும் என் பெயரைச் சொல்லவில்லை.

அதுக்கப்புறமும் டீ வாங்கினால் எனக்கும் சேர்த்துத்தான் வாங்குவார். அதுதான் ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு.

ஓட்டையே லாபமான கதை

சரி, வரலாற்றுக்கு வருவோம். ஓட்டை என்றால் எப்போதும் நஷ்டம்தானா? ஒரு இடத்தில் அது தலைகீழாகிவிட்டது. 1930 வாக்கில் அமெரிக்காவின் கிரைஸ்லர் கம்பெனி 'ஆயிலைட்' என்ற பெயரில் ஒரு பேரிங்கைக் கொண்டுவந்தது. பத்தில் ஒன்பது பங்கு செம்பும் ஒரு பங்கு வெள்ளீயமும் கொண்ட வெண்கலத் தூளை வேண்டுமென்றே ஓட்டையோடு அழுத்தி, சுட்டு, எண்ணெயில் ஊறப் போட்டார்கள். தண்டு சுற்றிச் சூடேறும்போது எண்ணெய் கசிந்து வெளியே வரும். நின்று ஆறியதும் ஓட்டைகள் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். தனியாக எண்ணெய் விட வேண்டாம். மசகு வெளியேற வேண்டிய இடத்தையே மசகுக்குக் குடியிருப்பாக்கிவிட்டார்கள். உங்க வீட்டு மேசை விசிறிக்குள்ளேயும் இந்த மாதிரி ஒண்ணு இருக்கலாம்.

போரும் சோப்பும்

இப்ப ஒரு கிளைக்கதை. தூளை விட்டுட்டு முழு எஃகுக்குப் போறோம். கடைசியில் ரெண்டும் சேரும், பொறுங்க.

எஃகைச் சூடாக்காமல் பஞ்சால் அழுத்தி வடிவம் மாற்றுவது ரொம்ப நாள் முடியாத காரியமாக இருந்தது. ஈயம், அலுமினியம், செம்பு வளைந்து கொடுக்கும். எஃகு டையைப் பிடித்துக்கொள்ளும். எந்த எண்ணெயும் அந்த அழுத்தத்தில் பிய்ந்துபோகும்.

திறவுகோல் துருப்பிடிக்காமல் காக்கும் பூச்சிலிருந்து வந்தது. 1906ல் பர்மிங்ஹாமைச் சேர்ந்த தாமஸ் வாட்ஸ் காஸ்லெட், இரும்பைப் பாஸ்பாரிக் அமிலக் கரைசலில் போட்டால் மேலே ஒரு பாஸ்பேட் படலம் வளர்கிறது, அது துருவைத் தடுக்கிறது என்று உரிமம் வாங்கினார். 1934ல் ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் சிங்கர் என்பவர், அந்தப் படலம் மசகைப் பிடித்து வைக்கவும் உதவும் என்று கண்டு உரிமம் பெற்றார். எஃகின் மேல் துத்தநாகப் பாஸ்பேட் படிகங்கள் வளரும். அதைச் சூடான சோப்புக் கரைசலில் முக்கினால், சோப்பிலிருக்கும் ஸ்டியரேட் படிகத்திலிருக்கும் துத்தநாகத்தோடு சேரும். என்ன கிடைக்கும்?

ஜிங்க் ஸ்டியரேட்! நம்ம ஆளேதான். ஆனால் இங்கே மேலே கொட்டிய தூளாக இல்லை, எஃகோடு வேர்விட்ட படலமாக. எஃகு நீண்டால் அதுவும் கூடவே நீளும், பிய்யாது.

ஜெர்மனிக்குச் செம்புப் பற்றாக்குறை. பித்தளைத் தோட்டா உறைகளுக்குப் பதில் எஃகு உறைகள் வேண்டும். இந்த மசகோடு குளிர்நிலையில் எஃகை அழுத்தும் முறை போர்த் தொழிலுக்குள் போனது. அதே பற்றாக்குறைதான் தூளையும் இழுத்தது. பீரங்கிக் குண்டைச் சுற்றியிருக்கும் செம்பு வளையத்துக்குப் பதிலாக, இரும்புத் தூளை அழுத்திச் சுட்ட மெதுவான வளையங்களை இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி ஏராளமாகச் செய்தது. போர் முடிந்தபின் இந்த நுட்பங்கள் நேச நாடுகளின் விசாரணைக் குழுக்கள் வழியாக வெளியே வந்து, கார் தொழிலுக்குள் நுழைந்தன. இன்று நம் வண்டிகளில் இருக்கும் குளிர்நிலையில் அழுத்திய எஃகுப் பாகங்களுக்குப் பின்னால் இப்படி ஒரு பூர்வீகம் இருக்கு. படிக்கச் சங்கடமா இருந்தாலும் உண்மை.

ரெண்டும் சந்திக்கும் இடம்

தூள் பாகத்தில் ஓட்டை இருக்கிறது, வலிமை போதவில்லை. அப்போ சுட்ட பிறகு இன்னொரு தடவை குளிர்நிலையில் அழுத்தி ஓட்டையை மூடினால் என்ன? செய்கிறார்கள். அளவை மட்டும் சரிசெய்ய லேசாக அழுத்துவது சைஸிங். அடர்த்தியையே கூட்ட வேண்டுமென்றால், முதலில் அழுத்தி, 800 டிகிரி வாக்கில் அரைவேக்காடாகச் சுட்டு, மறுபடி பலமாக அழுத்தி, மறுபடி முழுசாகச் சுடுவார்கள்.

இரண்டாவது தடவை அழுத்தும்போதும் மசகு வேண்டுமே. சைஸிங்குக்கு லேசாக எண்ணெய் போட்டுச் சமாளிக்கலாம். ஆனால் ஓட்டையை மூடுவதுதான் நோக்கம் என்றால் எண்ணெய் எதிரி. ஸ்பாஞ்சு மாதிரி உள்ளே இழுத்துக்கொள்ளும். திரவத்தை நசுக்க முடியாது. எண்ணெய் நிறைந்த ஓட்டை, "நான் இருக்கேன்"னு அழுத்தத்தைத் திருப்பித் தள்ளும். சரி, சிங்கரின் பாஸ்பேட்டும் சோப்பும்? அந்த அமிலக் கரைசலும் ஓட்டைக்குள் புகுந்து உட்கார்ந்து, உள்ளிருந்தே அரிக்கும். முழு எஃகுக்கு வரமாக இருந்தது ஓட்டை எஃகுக்குச் சாபம். அதனால் மேல் முகத்தில் மட்டும் ஸ்டியரேட், கிராஃபைட் மாதிரி உலர்ந்த மசகு.

இந்த ஓட்டை உலோகம் அழுத்தத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்று முறையாகக் கணக்குப் போட்டவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் ஹோவர்ட் குன். 1970களின் தொடக்கத்தில் வந்த ஆய்வுகள். முழு உலோக உருளையை அழுத்தினால் உயரம் குறைந்த அளவுக்கு அகலம் கூடும். ஓட்டை உலோகத்தில் அப்படிக் கூடாது, ஒரு பங்கு ஓட்டையை மூடப் போய்விடும். மேலும் கீழும் உராய்வு இருந்தால் உருளை பீப்பாய் மாதிரி நடுவில் வீங்கும். வீங்கின இடத்தின் வெளிப்புறத்தில் உலோகம் இழுபடும். அங்கே ஓட்டை மூடாது, திறக்கும். விரிசல் அங்கேதான் பிறக்கும். மசகு நன்றாக இருந்தால் வீக்கம் குறையும், விரிசல் தள்ளிப்போகும்.

இதே விஷயத்தில் நம்ம திருச்சியில் நிறைய வேலை நடந்திருக்கு, தெரியுமா? அன்றைய மண்டலப் பொறியியல் கல்லூரி, பின்னாளில் என்.ஐ.டி. ஆனது. அங்கே நாராயணசாமியும் பாண்டேயும் சேர்ந்து 1990களின் பின்பாதியிலிருந்து, அலுமினியத் தூளிலிருந்து செய்த உருளைகளைக் குளிர்நிலையில் அழுத்தி, பீப்பாய் வீக்கத்தையும் அடர்த்தி மாற்றத்தையும் அளந்து உலகளாவிய ஆய்விதழ்களில் எழுதினார்கள். நான் ஸ்டியரேட்டை அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்த அதே காலம். பக்கத்தில் பதில் இருந்திருக்கிறது, நான்தான் தேடவில்லை.

மீண்டும் சுவருக்கே

1990களில் எல்லோருக்கும் ஒரே நெருக்கடி: அடர்த்தியைக் கூட்டு, மசகைக் குறை. 1994ல் அமெரிக்காவின் ஹோகனாஸ் கார்ப்பரேஷன், தூளையும் டையையும் 130, 150 டிகிரிக்குச் சூடாக்கி அழுத்தும் முறையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. சூட்டில் இரும்பு கொஞ்சம் இளகிக் கொடுக்கும். அந்தச் சூட்டைத் தாங்கும் தனி மசகு, வழக்கத்தைவிடக் குறைந்த அளவில்.

2000களின் தொடக்கத்தில் ஜப்பானில் டொயோட்டாவின் மத்திய ஆய்வகத்தார் இன்னும் ஒரு படி போனார்கள். தூளில் மசகு கலக்க வேண்டாம். 150 டிகிரியில் இருக்கும் டையின் சுவரில் லித்தியம் ஸ்டியரேட்டைத் தெளித்துவிட்டு, ஆயிரம் மெகாபாஸ்கலைத் தாண்டி அழுத்தினார்கள். அழுத்தம் ஏற ஏற வெளியே தள்ளும் விசையும் ஏறணும், அதுதானே நியாயம்? ஒரு கட்டத்துக்கு மேல் அது குறைந்தது! காரணம் தேடியபோது பாகத்தின் மேல் இரும்பு ஸ்டியரேட் இருந்தது. அந்தச் சூட்டிலும் அழுத்தத்திலும் ஸ்டியரேட் இரும்போடு வினை புரிந்து, தேவையான இடத்திலேயே படலமாகியிருக்கிறது. சிங்கர் எஃகின் மேல் சோப்பை வைத்துச் செய்ததன் சொந்தக்காரன்தான் இது.

ஆக, 1828ல் சுவரில் தடவிய கொழுப்பு, நடுவில் தூளுக்குள் போய், ஓட்டைகளை விட்டுச்சென்று, ஏறக்குறைய 175 வருஷம் கழித்து மறுபடி சுவருக்கே வந்து சேர்ந்தது. கலக்குறது ஒழிஞ்சிடுச்சுன்னு நினைக்காதீங்க. பெரும்பாலான பாகங்கள் இன்னிக்கும் கலந்த தூளில்தான் அழுத்தப்படுகின்றன. வேகமும் விலையும் அப்படி. ஆனா அடர்த்தி வேணும்னு வரும்போதெல்லாம் ஆராய்ச்சி போகிற திசை ஒண்ணுதான்: மசகு தேவைப்படுற இடத்துல மட்டும் இருக்கட்டும், மத்த இடத்துல வேண்டாம்.

எனக்கு இதுல தெரியுறது இவ்வளவுதான். கூடுதலா ஒரு கரண்டி போட்டா இப்போதைக்குச் சத்தம் நிக்கும். அந்தக் கரண்டிக்கான விலை பின்னாடி சூட்டில்தான் தெரியும். பெரும்பாலும் வேற யாரோட கணக்குலயாவது எழுதப்படும்.

அந்தக் கம்பெனியை விட்டு ரெண்டு வருஷத்துல வந்துட்டேன். கிளம்பின அன்னிக்கு அண்ணன்கிட்ட கைகொடுத்தேன். "நல்லா இருங்க தம்பி"ன்னார். அப்பவும் சொல்லலை. அவர் இதைப் படிக்க வாய்ப்பில்லை, இருந்தாலும் எழுதி வைக்கிறேன்: அந்த அரைக் கிலோ என்னோடதுண்ணே.

ரொம்ப நீளமாயிடுச்சு. பவுடர் மெட்டல்ல வேலை பார்த்தவங்க, பார்க்கிறவங்க யாராவது இருந்தா உங்க அனுபவத்தையும் எழுதுங்க.

டிஸ்கி: மோதகத்துக்கு அச்சுலதான் நெய் தடவணும். இனி மாவுல கை வைக்கமாட்டேன்னு தங்கமணிகிட்ட எழுதிக் கொடுத்தாச்சு :-)